பாட்டாவின் காயம் ஏட்டில் இல்லை: 1971 போரும் பராக்கிரம் பதக்கமும், வழி சொல்லுங்கள்

விளவங்கோடு பேத்தி
ஜூன் 8, இரவு 9.40

வணக்கம். என் பாட்டாவுக்காக எழுதுகிறேன். வயது 76. 1968-இல் சிப்பாயாகச் சேர்ந்து 1985-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். படைப்பிரிவின் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது தாய்வீடு.

1971 டிசம்பரில் மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில் இருந்தார். டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றங்கரையில் பீரங்கிக் குண்டு ஒன்று அருகில் விழுந்து, வலது முன்கையில் சில்லு பாய்ந்தது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அதே நாள். மறுநாள் மேற்கிலும் போர் நின்றது. பஞ்சாபில் ஓர் இராணுவ மருத்துவமனையில் படுத்திருந்துவிட்டு, விடுப்பில் ஊர் வந்து, மீண்டும் பணிக்குப் போய் இன்னும் 13 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழா மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல் எல்லாம் ஏறியிருக்கின்றன. காயம் பற்றிய கட்டத்தில் மட்டும் 'நில்' என்று இருக்கிறது. ஒன்றுமில்லை என்று பொருள்.

சென்ற மாதம் கைவலிக்காக எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பை ஒட்டி நெல்மணி அளவில் ஓர் உலோகத் துண்டு தெரிகிறது. 'இது என்ன விபத்து?' என்று மருத்துவர் கேட்டார். பாட்டா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் தனியாக ஆவண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. 'பதிவேடுகளில் ஆதாரம் எதுவும் இல்லை' என்று இரண்டு வரியில் பதில் வந்திருக்கிறது. இனி என்ன செய்யலாம்?


அருமனை ரப்பர்
ஜூன் 8, இரவு 10.25

தங்கச்சி, முதலில் நாகர்கோவிலில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் பாட்டாவை நேரில் அழைத்துப் போங்கள். அவர்களின் முகப்புக் கடிதத்தோடு போகிற மனுவுக்கு மதிப்பு வேறு. முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு மனுவைக் கொடுத்து வையுங்கள். அப்படியே போர்க்காய ஓய்வூதியத்துக்கும் சேர்த்தே எழுதிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே மனு போதும்.


தக்கலை ஹெட் கிளார்க்
ஜூன் 9, காலை 6.10

ஒரே மனு போதாது. ரப்பர் தம்பி நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் அப்படிச் சேர்த்து எழுதித்தான் பலருடைய மனு திரும்பி வந்திருக்கிறது. நான் 24 ஆண்டுகள் இராணுவத்தில் எழுத்தராக இருந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மக்களே, உன் பாட்டாவின் பழைய கடிதம் என்ன கேட்டது என்று பார். 'எனக்குப் பதக்கம் தர வேண்டும்' என்று கேட்டிருப்பார். அங்கே இருக்கிற எழுத்தர் என்ன செய்வார்? ஷீட் ரோலை, அதாவது படைவீரனின் பணி ஏட்டைத் திறப்பார். அதில் காயம் பற்றிய பார்ட் டூ ஆர்டர் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லை. பதில் எழுதிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, ஏட்டில் உள்ளதைத்தான் சொன்னார்.

படைவீரன் ஒருவனின் வாழ்க்கையில் நடப்பது எதுவானாலும், பதவி உயர்வு, திருமணம், குழந்தை பிறப்பு, விடுப்பு, மருத்துவமனை, காயம், எல்லாமே பார்ட் டூ ஆர்டர் என்ற ஓர் அறிவிப்பாக வெளியாகி, ஆவண அலுவலகத்துக்குப் போய், அவனுடைய ஷீட் ரோலில் ஏறும். ஏறினால்தான் அது நடந்தது. போரில் காயம்பட்டவன் முதலில் பட்டாலியனின் முதலுதவி நிலையத்துக்கு வருவான். அங்கிருந்து ஃபீல்டு ஆம்புலன்ஸ், அதற்குப் பின் மருத்துவமனை. ஒவ்வொரு இடத்திலும் ஓர் அட்டை, ஒரு பதிவு, யூனிட்டுக்கு ஒரு தகவல். அந்தத் தகவலை வைத்து யூனிட் 'பேட்டில் கேஷுவல்டி' என்று ஆர்டர் வெளியிட வேண்டும். போர் முடிந்த வாரத்தை நினைத்துப் பார். எல்லோரும் இடம் மாறுகிறார்கள், கம்பெனி எழுத்தரே காயம்பட்டிருக்கலாம். அந்தப் போரில் நம் பக்கம் காயமடைந்தவர்கள் 9,800-க்கும் மேல். நடந்து போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, சில வாரத்தில் கம்பெனிக்குத் திரும்பிவிட்டவனின் காகிதம்தான் முதலில் தவறும். காலை இழந்தவனின் காகிதம் தவறாது.

வூண்ட் மெடல் என்று அப்போது சொல்வோம், இப்போது பராக்கிரம் பதக்கம். வெள்ளை நாடா, நடுவில் சிவப்புப் பட்டை. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவனுக்கு உரியது. அது வீரச் செயலுக்கான விருது அன்று. தளபதி யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. காயம் எதிரியால் பட்டது என்று ஏடு சொன்னால் அது அவனுக்குச் சேர வேண்டியது. ஆகவே கேட்க வேண்டியது பதக்கத்தை அன்று, ஏட்டை. 'டிசம்பர் 16, 1971 அன்று எனக்கு ஏற்பட்ட காயத்தைப் போர்க்காயமாகப் பதிவு செய்து பார்ட் டூ ஆர்டர் வெளியிடுங்கள், அதன் அடிப்படையில் பதக்கத்தைப் பதிவு செய்யுங்கள்.' இந்த வரிசையில்தான் எழுத வேண்டும்.


பூதப்பாண்டி ஆசிரியர்
ஜூன் 9, காலை 8.30

நான் மாறுபட்டுச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். என் சித்தப்பாவும் படைவீரர். 80 வயதில் இப்படி ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு மூன்று ஆண்டுகள் அலைந்தார். ஒவ்வொரு முறை தபால்காரர் வாசலில் நிற்கும்போதும் அவர் முகம் போன போக்கை நாங்கள்தான் பார்த்தோம். பதில் வரும் முன்பே அவர் போய்விட்டார். அந்தப் பதக்கத்தோடு மாதாமாதம் பணம் எதுவும் வராது. பாட்டாவுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எஞ்சிய காலத்தை நிம்மதியாக விடுங்கள் என்பதே என் எண்ணம்.


விளவங்கோடு பேத்தி
ஜூன் 9, இரவு 8.15

ஐயா, உங்கள் பதிவைப் பாட்டாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: 'வாத்தியார் சொல்வது சரிதான். பணம் எனக்கு வேண்டாம். ஆனால் என் கையில் இரும்பு இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. இரண்டில் ஒன்று பொய். நான் செத்தால் என்னை எரித்துவிடுவீர்கள், புத்தகம் இருக்கும். அப்போது பொய் சொன்னவன் யார்?'

இதற்கு மேல் நான் என்ன சொல்ல?


பூதப்பாண்டி ஆசிரியர்
ஜூன் 9, இரவு 8.50

என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன் அம்மா. ஆங்கிலத்தில் மனு எழுத ஆள் வேண்டுமானால் நான் இருக்கிறேன்.


குளச்சல் கரை
ஜூன் 10, பிற்பகல் 1.05

எங்கள் ஊரில் 1741 போரின் வெற்றித்தூண் நிற்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற டச்சு கம்பெனிப் படையின் டிலனாய், பிறகு அதே மன்னரிடம் தளபதியாகப் பணிபுரிந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அவருடைய கல்லறையில் அவர் செய்த சேவையை லத்தீனிலும் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவரின் பணிக்கே இரண்டு மொழியில் கல்வெட்டு இருக்கிற மாவட்டம் இது. பாட்டா கேட்பது ஒரு வரி. அவர் கேட்பது நியாயம்.

ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் பட்டாளத்திலிருந்து வந்த கடிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? எங்கள் வீட்டில் அம்மா பழைய கடிதங்களைக் கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். பெட்டியின் அடித்தாளுக்குக் கீழேயும் பாருங்கள்.


விளவங்கோடு பேத்தி
ஜூன் 11, இரவு 11.20

குளச்சல் அண்ணாச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இருந்தது.

டிரங்குப் பெட்டியில் இல்லை. பாட்டாவின் அம்மை வைத்திருந்த பழைய ஜெபப் புத்தகத்துக்குள் மடித்த நிலையில் கிடைத்தது. உறையில் '56 ஏ.பி.ஓ.' என்ற முகவரியும் இராணுவத் தபால் முத்திரையும் இருக்கின்றன. கடிதத்தின் தலைப்பில் 22-12-1971, கீழே வார்டு எண். ஆனால் கையெழுத்து பாட்டாவுடையது இல்லை, எழுத்து மலையாளம். வலது கையில் கட்டு இருந்ததால், வார்டில் இருந்த மலையாளி நர்சிங் உதவியாளரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். பாட்டாவின் அம்மை திருவிதாங்கூர் காலத்தில் மூன்றாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், படிப்பது மலையாளம். எழுத ஒரு மலையாளி கிடைத்ததில் பாட்டாவுக்கு அன்று நிம்மதியாக இருந்ததாம், அம்மை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாமே என்று.

எனக்கு மலையாளம் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா படித்தார். 'வலத்தே கையில் ஷெல்லின்றெ கஷணம் கொண்டு முறிவுண்டு, அம்மை பயப்படண்டா' என்று ஒரு வரி. அந்த வரியில் மட்டும் தாள் தேய்ந்து பஞ்சு போலாகியிருக்கிறது. விரல் வைத்து வைத்துப் படித்திருக்கிறார் போலிருக்கிறது.


தக்கலை ஹெட் கிளார்க்
ஜூன் 12, காலை 5.45

மக்களே, இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இனி நான் சொல்வதை அப்படியே செய்.

அந்தக் கடிதத்தை லேமினேட் செய்துவிடாதே. நாடா ஒட்டாதே. தேய்ந்த இடத்தில் மை தொடாதே. உறையையும் கடிதத்தையும் பிரித்து வைக்காதே. உறையில் உள்ள முத்திரைதான் தேதிக்குச் சாட்சி. இரு பக்கமும் வண்ண நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கு. அசல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, யார் கேட்டாலும்.

அடுத்து மொழிபெயர்ப்பு. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தவறு செய்வார்கள். மலையாளத்தில் முறிவு என்றால் காயம். தமிழில் முறிவு என்றால் எலும்பு முறிவு. நம் ஆள் ஒருவரிடம் கொடுத்தால் அவர் ஆங்கிலத்தில் எலும்பு முறிவு என்று எழுதிவிடுவார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்து கூடிய அடையாளம் இருக்காது. பிறகு கடிதமும் எக்ஸ்ரேயும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று மனு விழுந்துவிடும். மலையாளம் படித்துப் பட்டம் பெற்ற ஒருவரிடம் மொழிபெயர்த்து, நோட்டரி முன் உறுதிமொழி வாங்கு. விளவங்கோடு தாலுகாவில் மலையாளம் கற்பிக்கும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன, ஆசிரியர் கிடைப்பார்.

எக்ஸ்ரே தனியாக நின்றால் உலோகம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எப்போது எப்படி என்று சொல்லாது. கடிதம் தனியாக நின்றால் வீட்டுக் கடிதம் என்று ஒதுக்குவார்கள். இரண்டும் சேர்ந்து, வலது முன்கை என்ற ஒரே இடத்தைக் காட்டும்போது பலம் வருகிறது. எக்ஸ்ரே அறிக்கையில் 'வலது முன்கை, உலோகத் துண்டு, பழைய வடு' என்று மருத்துவரிடம் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்.


நாகர்கோவில் வழக்கறிஞர்
ஜூன் 12, மாலை 6.30

இழை முழுவதையும் படித்தேன். சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

மனுவுக்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேட்பவர் பாட்டாவாகவே இருக்க வேண்டும். சொந்த ஆவணத்தை அவர் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்ற பேச்சு எழாது. 'எனக்குக் காயம் பட்டதா' என்று கேட்காதீர்கள். 'என் ஷீட் ரோல், மருத்துவ ஆவணங்கள், 1971 டிசம்பர் முதல் 1972 மார்ச் வரை என் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்கள் அனைத்தின் நகல்' என்று கேளுங்கள். ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் கோப்பு 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்பட்டுவிடும் என்பது நீதிமன்றங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில். பாட்டா ஓய்வூதியர், அது அவருக்குப் பெரிய சாதகம்.

ரப்பர் சொன்ன போர்க்காய ஓய்வூதியம் வேறு பாதை. அதற்கு ஊனம் மருத்துவக் குழுவால் மதிப்பிடப்பட வேண்டும், 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணை, எதிரி நடவடிக்கையால் வந்த காயத்தைத் தனி வகையில் வைக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்பு, சேவைக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஊன சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகை உண்டு என்றது. நிலுவை கேட்டால் 2008 தர்செம் சிங் தீர்ப்பின்படி பொதுவாக மூன்றாண்டுக்கு மேல் கிடைக்காது. பாட்டாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மருத்துவத் தகுதி 'ஏயி', அதாவது முழுத் தகுதி, என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், 13 ஆண்டுகள் முழுப் பணி செய்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு பதக்க மனுவையும் மறுப்பார்கள். ஆகவே ஹெட் கிளார்க் ஐயா சொன்னதுதான் சரி, இரண்டையும் கலக்க வேண்டாம்.

மறுப்பு ஆணை வந்தால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை ஆறு மாதத்துக்குள் அணுக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் காட்டலாம், ஆனால் காட்டும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.


ஆரல்வாய்மொழி காற்று
ஜூன் 13, காலை 7.15

நான் 1988-இல் இலங்கையில் இருந்தவன். என் புத்தகத்தில் ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் இருக்கிறது, ஆனால் 'ஸ்ரீலங்கா' என்ற பட்டை ஏறவில்லை. நானும் இதே வழியில் போக வேண்டுமா?


தக்கலை ஹெட் கிளார்க்
ஜூன் 13, காலை 7.40

உங்களுடையது எளிது சார். யூனிட் அங்கே இருந்ததற்கும் நீங்கள் யூனிட்டில் இருந்ததற்கும் ஏடு தானாகவே இருக்கும். திருத்தம் கோரி ஒரு பக்க மனு போதும், டிஸ்சார்ஜ் புத்தக நகலை இணையுங்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.


விளவங்கோடு பேத்தி
ஜூன் 14, இரவு 9.00

ஒரு சிக்கல். கடிதத்தின் அடியில் பாட்டாவின் பெயருக்கு முன் வீட்டுப் பெயர் இருக்கிறது. இராணுவ ஏட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்று எப்படிக் காட்டுவது?


அருமனை ரப்பர்
ஜூன் 14, இரவு 9.35

இதில் எனக்கு அனுபவம் உண்டு தங்கச்சி. என் அப்பா 1955-இல் சேர்ந்தவர். ஏட்டில் எங்கள் ஊர் திருவனந்தபுரம் மாவட்டம் என்று இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தானே நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன? அப்பா இறந்த பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மாவட்டம் ஒத்துப்போகவில்லை என்று சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் 'இருவரும் ஒருவரே' என்ற சான்று வாங்கித்தான் முடித்தோம். பாட்டாவின் பள்ளிச் சான்றிதழில் வீட்டுப் பெயர் இருந்தால் அதையும் சேருங்கள்.

முதலில் தவறாக வழி சொன்னதற்கு வருந்துகிறேன். தாலுகா அலுவலகத்துக்கு வண்டி வேண்டுமானால் சொல்லுங்கள், நானே வருகிறேன்.


விளவங்கோடு பேத்தி
ஆகஸ்ட் 2, மாலை 5.10

தகவல் உரிமைப் பதில் வந்துவிட்டது. 38 பக்கம். காயம் என்ற சொல் ஒரு பக்கத்திலும் இல்லை. பாட்டா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து விளைக்குப் போய்விட்டார். இருட்டும் வரை வரவில்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் எனக்குப் புரியாத ஒரு வரி இருக்கிறது. 1972 ஜனவரியில் 28 நாள் 'சிக் லீவ்' என்று ஒரு பார்ட் டூ ஆர்டர். காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.


தக்கலை ஹெட் கிளார்க்
ஆகஸ்ட் 2, மாலை 5.22

மக்களே, உடனே ஓடிப் போய்ப் பாட்டாவை அழைத்து வா. அவரிடம் இதைப் படி.

சிக் லீவ் யாரும் கேட்டு வாங்குவது இல்லை. மருத்துவமனை பரிந்துரைத்தால்தான் கிடைக்கும். அப்படியானால் 1972 ஜனவரிக்குச் சற்று முன்பு அவர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார் என்பதை அவர்களுடைய ஏடே ஒப்புக்கொள்கிறது. எதற்காக இருந்தார்? ஏடு சொல்லவில்லை, கடிதம் சொல்கிறது. கடிதத்தின் தேதி டிசம்பர் 22. அதன் பின் விடுப்பு. வரிசை அச்சு போலப் பொருந்துகிறது. இப்போது நீ கேட்பது புதிய பதிவு இல்லை, அவர்கள் வெறுமையாக விட்ட ஓர் இடத்தை நிரப்பும்படி கேட்கிறாய். இந்த வேறுபாட்டை மனுவின் முதல் பத்தியிலேயே ஆசிரியர் ஐயா எழுத வேண்டும்.

யூனிட்டின் 1971 போர் நாட்குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஒரு வரி சேர்க்கலாம். பழைய போர்ப் பதிவுகளை வழக்கமாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்தலாம் என்ற கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் அறிவித்திருக்கிறது. 50 ஆண்டு கடந்த நாட்குறிப்பில் மறைக்க எதுவும் இருக்காது.


பூதப்பாண்டி ஆசிரியர்
ஆகஸ்ட் 6, இரவு 10.15

வரைவு தயார். மூன்று பக்கம் வந்ததை ஒன்றரைப் பக்கமாகக் குறைத்திருக்கிறேன். புகழுரை எதுவும் இல்லை. தேதி, இடம், உறுப்பு, ஆதாரம் மட்டும். வழக்கறிஞர் ஒருமுறை பார்த்துவிட்டால் நாளையே கொண்டு வருகிறேன்.


நாகர்கோவில் வழக்கறிஞர்
ஆகஸ்ட் 7, காலை 9.05

பார்த்தேன். மூன்றாம் பத்தியில் 'இரங்கி' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். இது இரக்கத்துக்கான மனு இல்லை. மற்றவை சரி.


விளவங்கோடு பேத்தி
ஆகஸ்ட் 11, பிற்பகல் 3.30

இன்று காலை குழித்துறைத் தபால் நிலையத்திலிருந்து விரைவு அஞ்சலில் அனுப்பினோம். ஒரு பிரதி நல அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டோம். ஆசிரியர் ஐயா வந்திருந்தார், ரப்பர் அண்ணன் வண்டி ஓட்டினார்.

கையெழுத்துப் போடும்போது பாட்டாவின் கை நடுங்கியது. இப்போதெல்லாம் வங்கியில் இடது கைப் பெருவிரல் ரேகைதான் வைக்கிறார், அதுவே போதும் என்று நான் மைப்பெட்டியை எடுத்து வைத்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஆர்மி நம்பரையும் பெயரையும் முழுதாக எழுதினார். நான்கு நிமிடம் ஆயிற்று.